மலைக்கு விருந்தாளியாகப் போவோம்!

“எங்காவது ஒரு மலைக்குப் போக வேண்டும். ஆள் அரவமே இருக்கக் கூடாது. ஒரு சின்ன வீடு. சுற்றிலும் மரம். நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வர வேண்டும்!”

இப்படிப் பேசாத வீடு இன்று உண்டா? அப்பா பேசுகிறார். அம்மா பேசுகிறாள். பள்ளிக்கூடத்துப் பையனும் பேசுகிறான்.

ஆசை நல்ல ஆசைதான். பட்டணத்து இரைச்சல் அப்படி! வெய்யில் அப்படி!

ஆனால், அந்தச் சின்ன வீடு யாருடையது? அந்த வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நாம் போவதால் அந்த மலைக்கு நன்மையா, தீமையா? இதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

நானும் எண்ணிப் பார்த்தவன் அல்ல. ஒரு வாளித் தண்ணீர்தான் எனக்குப் புத்தி சொல்லிக் கொடுத்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கீழ்ப்பழனி மலையில்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பொங்கல் விடுமுறை. நான், என் மனைவி, எட்டு வயது மகள், என் தாயார் ஆக நாலு பேர் புறப்பட்டோம்.

கொடைக்கானலுக்குப் போகவில்லை. அங்கே கூட்டம் தாங்காது. வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்குப் போகும் மலைப் பாதையில் பஸ் ஏறினோம்.

பழனி மலைத் தொடரை இரண்டாகச் சொல்வார்கள். கொடைக்கானல் இருப்பது மேல்மலை. அது சுமார் 7,000 அடி உயரம். அதற்குக் கிழக்கே, அதைவிடத் தாழ்வாக இருப்பது கீழ்மலை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மங்களம்கொம்பு, பெரும்பாறை எல்லாம் கீழ்மலை ஊர்கள்.

மேல்மலையில் பூண்டும், காரட்டும், உருளைக்கிழங்கும் விளைகின்றன. கீழ்மலையில் காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலை வாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்குத் தனி ருசி எப்படி வந்தது? இந்த மலை வாழைப் பழம் சேருவதால்தான்!

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு ஜீப் வந்தது. அரை மணி நேரம் மண் பாதை. அதற்கு மேல் ஜீப்பும் போகாது. பத்து நிமிஷம் நடை.

வந்து சேர்ந்தோம். ஓட்டு வீடு. இரண்டு அறை. ஒரு திண்ணை. முன்னால் சிமெண்டுக் களம். சுற்றிலும் காப்பிச் செடி. காப்பிச் செடிக்கு நிழலாகப் பலா மரமும், சில்வர் ஓக் மரமும். மரம் தோறும் மிளகுக் கொடி. அடுத்த வீட்டுக்குப் போக வேண்டுமானால் ஒரு மைல் நடக்க வேண்டும்.

“இதுதானப்பா வீடு!” என்றாள் என் தாயார்.

அரிசி ஏன் வேகவில்லை?

தோட்டக்காரருக்கு எழுபது வயதிருக்கும். பக்கத்திலேயே வேறொரு வீட்டில் மனைவியோடு இருந்தார். நாங்கள் தங்கியது அவருடைய தகப்பனார் கட்டிய பழைய வீடு. சும்மா பூட்டிக் கிடந்ததை ஒழுங்கு செய்து, வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கே குளிர் வந்துவிட்டது. வத்தலக்குண்டில் வேர்த்துக் கொட்டியது. இங்கே போர்வை கேட்டது. என்ன காரணம்? ஆயிரம் அடி மேலே ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி குறையும். நாங்கள் இருந்த இடம் 4,000 அடிக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 டிகிரி குறைந்துவிட்டது!

என் மனைவி சோறு வடிக்கப் பாத்திரத்தை வைத்தாள். தண்ணீர் கொதித்தது. அரிசி வேகவில்லை. பருப்பு வேகவே இல்லை.

“அரிசி பழசோ?” என்றாள்.

தோட்டக்காரர் மனைவி சிரித்தார். “அரிசி பழசில்லை தாயி. மலை பழசு!” என்றார்.

விஷயம் இதுதான். உயரப் போகப் போக, காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 4,000 அடியில் சுமார் 96 டிகிரியிலேயே கொதிக்கும். சூடு குறைவு. அதனால் பண்டம் வேக அதிக நேரம் ஆகும். மலையில் குக்கர் வைத்துச் சமைப்பது இதனால்தான். மூடிய குக்கருக்குள் அழுத்தம் கூடும், சூடும் கூடும்.

என் மகள் இதைக் கேட்டுவிட்டு, “பள்ளிக்கூடத்தில் சொன்னபோது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது” என்றாள்.

இராத்திரி வெளியே வந்து வானத்தைப் பார்த்தோம். அத்தனை நட்சத்திரம்! மகளுக்கு வியப்பு. பிறந்தது முதல் பட்டணத்தில் இருக்கிறாள். விளக்கு வெளிச்சம் வானத்தை மறைத்துவிட்டது. நட்சத்திரங்களை அவள் சரியாகப் பார்த்ததே அன்றுதான்.

சிவப்புப் பழம்

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். ஆறு பெண்கள், இரண்டு ஆண்கள். காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது.

காப்பியைத் தினம் இரண்டு வேளை குடிக்கிறோம். காப்பிப் பழத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பழுத்தால் நல்ல சிவப்பு. கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டு, கொத்துக் கொத்தாக இருக்கும். எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. அதனால், சிவந்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். பச்சைக் காயைப் பறித்தால் காப்பி கெட்டுவிடும்.

பழத்தின் தோலை எந்திரத்தில் போட்டு உரிக்கிறார்கள். உள்ளே இரண்டு கொட்டை. அதன் மேல் வழவழப்பு. அதை நொதிக்க வைத்து, தண்ணீரில் அலசி, களத்தில் காயப் போடுகிறார்கள். ஒரு கிலோ காப்பிக் கொட்டை கிடைக்க, ஐந்து ஆறு கிலோ பழம் வேண்டும்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பறித்த பழத்தை அன்றைக்கே உரிக்க வேண்டும். தள்ளிப் போட்டால் பழம் புளித்துவிடும். உரிப்பதற்கும் அலசுவதற்கும் தண்ணீர் வேண்டும். நிறையத் தண்ணீர் வேண்டும்.

இதை அப்போதே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்!

வெறும் தொட்டி

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா?

காலையில் வெந்நீர்க் குளியல். ஆளுக்கு நாலு வாளி. குளிருக்குச் சுகமாக இருந்தது. முதல் நாள் போட்ட துணிகளை எல்லாம் என் மனைவி துவைத்துப் போட்டாள். நான் சேறான செருப்புகளைக் குழாயடியில் வைத்துக் கழுவினேன். மகள் குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் இலைக் கப்பல் விட்டாள். பிறகு எல்லோரும் ஓடையைப் பார்க்கப் போய்விட்டோம். குழாயை யார் மூடினார்கள்? ஒருவரும் சரியாக மூடவில்லை.

சாயங்காலம் திரும்பினோம். களத்தில் பழ மூட்டைகள் அடுக்கி இருந்தன. தோட்டக்காரர் தொட்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். எந்திரம் ஓடவில்லை.

“என்ன ஐயா, மின்சாரம் இல்லையா?” என்று கேட்டேன்.

“மின்சாரம் இருக்கு தம்பி. இன்னைக்கு உரிக்க வேண்டாம்னு பார்க்கிறேன்” என்றார்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பழம் பறித்த பெண் ஒருத்திதான், போகிற போக்கில் என் தாயாரிடம் சொல்லிவிட்டுப் போனாள்: “தொட்டியிலே சொட்டுத் தண்ணி இல்லைங்கம்மா. மேலே ஊத்துத் தண்ணிதான் குழாய் வழியா வருது. இந்த வருஷம் மழை சரியில்லை. ஊத்தும் நூலாட்டம் வடியுது. தொட்டி நிறைய ரெண்டு நாள் ஆகும்.”

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது!

இரண்டு நாள் சேர்த்து வைத்த தண்ணீரை, நாங்கள் நாலு பேரும் அரை நாளில் தீர்த்துவிட்டோம். காப்பிக்கு வைத்திருந்த தண்ணீரில் நான் செருப்புக் கழுவியிருக்கிறேன்!

ஓடினேன். “ஐயா, எங்களால் வந்த நஷ்டம். எவ்வளவு என்று சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்” என்றேன்.

“அட, விடுங்க தம்பி. பழத்தை அப்படியே களத்திலே காயப் போட்டுக்குவேன். தோலோட காஞ்சா விலை கொஞ்சம் கம்மி. அவ்வளவுதான். வந்த விருந்தாளியைப் பார்த்துக் குளிக்காதேன்னு சொல்ல முடியுமா?” என்றார்.

பணம் வாங்க மறுத்துவிட்டார். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

“வித்துடலாமா, தம்பி?”

மூன்றாம் நாள் இரவு. திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

அவருக்கு நிலம் நாலு ஏக்கர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மலைக்குத் திரும்பி வர விருப்பம் இல்லை. காப்பி விலை ஒரு வருடம் ஏறுகிறது. மறு வருடம் இறங்குகிறது. மலை வாழையை முடிக்கொத்து நோய் வந்து அழித்தது. மிளகு கை கொடுக்கிறது. ஆனால் அதுவும் மழையைப் பொறுத்தது.

“கீழே இருந்து ஒருத்தர் வந்தாரு. நாலு ஏக்கரையும் கேட்கிறாரு. நல்ல விலைதான். மரத்தை எல்லாம் எடுத்துட்டு, இருபது அறை கட்டப் போறாராம். வித்துடலாமா தம்பி?”

நான் என்ன சொல்வேன்?

அவரே சொன்னார்: “இந்தப் பழைய வீட்டை வாடகைக்கு விட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு வருது. ஆள் கூலி கொடுக்க முடியுது. நீங்க எல்லாம் வந்துக்கிட்டே இருந்தா, நான் ஏன் விக்கப் போறேன்?”

வாசகர்களே, இங்கேதான் விஷயம் இருக்கிறது!

நாம் கொடுக்கும் வாடகை, ஒரு சிறு விவசாயியின் தோட்டத்தைக் காப்பாற்றுகிறது. நாம் திறந்துவிட்ட குழாய், அதே தோட்டத்தின் ஒரு நாள் விளைச்சலைக் கெடுக்கிறது. இரண்டும் நம் கையில்தான்!

துரைமார் போன மலை

மலையில் வீடு எடுத்துத் தங்கும் வழக்கம் புதியது அல்ல. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், 1820-களில் ஊட்டியில் வீடு கட்டினார். மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள், 1845-ல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். கீழே காய்ச்சலும் வெய்யிலும் வாட்டின. அதற்குப் பயந்து மேலே போனார்கள்.

அந்தக் காலத்தில் மலை பங்களா துரைமாருக்குத்தான். அவர்களை டோலியில் வைத்துச் சுமந்தவர்கள் நம்மவர்கள்.

இன்று நிலைமை மாறிவிட்டது. ஆசிரியர் குடும்பம் போகிறது. கடைக்காரர் குடும்பம் போகிறது. மில் தொழிலாளி குடும்பம் போகிறது. இதை வரவேற்கிறோம். மலைக் காற்று பணக்காரருக்கு மட்டும் சொந்தமா?

ஆனால், எல்லோரும் ஒரே இடத்துக்குப் போனால் மலை தாங்குமா? தாங்கவில்லை. அதனால்தான், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு ‘இ-பாஸ்’ வேண்டும் என்று சென்னை ஐகோர்ட்டு சொன்னது. 2024 மே 7-ந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, சனி, ஞாயிறுகளில் 6,000 வண்டி என்று வரம்பு கட்டப்பட்டது.

பெரிய ஊர்களில் கூட்டம் நெருக்குகிறது. அதனால் மக்கள் ஒதுக்குப்புறமான இடம் தேடுகிறார்கள். சின்னச் சின்ன மலைக் கிராமங்களுக்குக் கூட்டம் பரவுகிறது. அங்கே தோட்ட வீடுகளுக்குக் கிராக்கி வந்துவிட்டது. கிராக்கி வந்தால் என்ன ஆகும்? பணம் படைத்தவர் நிலம் வாங்குவார். பொக்லைன் எந்திரம் வரும். மலைச் சரிவை வெட்டுவார்கள். மரத்தைச் சாய்ப்பார்கள். மாடி மேல் மாடி எழும்பும். அதற்கும் பெயர் ‘தோட்ட வீடு’!

தோட்டம் எங்கே? பெயர்ப் பலகையில் மட்டும்தான் இருக்கும்.

மரத்தின் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குகிறது. அந்தத் தண்ணீர்தான் பல மாதம் ஊற்றாகக் கசிகிறது. மரம் போனால் மண் போகும். மண் போனால் ஊற்றும் போகும்.

சரிவு தாங்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2024 ஜூலை 30-ந் தேதி விடியற்காலையில், கேரளத்து வயநாட்டில் பெரும் மழை கொட்டி மலை சரிந்தது. முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்ணும் பாறையும் மூடின. 200-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள். விடுமுறைக்கு வந்து தங்கியவர்களும் தப்பவில்லை. மழைதான் முதல் காரணம். ஆனாலும், வீடு எந்தச் சரிவில் நிற்கிறது, எந்த ஓடைக் கரையில் நிற்கிறது என்பது உயிர் காக்கும் கேள்வி என்பதை அது காட்டிவிட்டது.

இத்தாலி காட்டிய வழி

இதற்கு வழி உண்டா? உண்டு. இத்தாலி நாட்டைப் பாருங்கள்.

அதுவும் மலை நாடுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே மலைக் கிராமத்து வாலிபர்கள் வேலை தேடிப் பட்டணங்களுக்குப் போனார்கள். கிராமங்கள் காலியாகின. தோட்டங்கள் பாழாகின. நம் தோட்டக்காரர் மகன் திருப்பூர் போன கதைதான்!

மீதி இருந்த விவசாயிகள், தங்கள் வீட்டில் ஓர் அறையை விருந்தாளிகளுக்கு விட்டார்கள். தங்கள் தோட்டத்துத் திராட்சையையும், பாலாடைக் கட்டியையும் சாப்பாட்டில் பரிமாறினார்கள். இந்த முறைக்கு அங்கே ‘அக்ரிடூரிஸ்மோ’ என்று பெயர்.

இதற்காக 1985-ல் இத்தாலியில் சட்டமே வந்தது. 2006-ல் அதைப் புதுப்பித்தார்கள். சட்டத்தின் உயிர் என்ன? இரண்டே விஷயம். வீட்டை வாடகைக்கு விடுகிறவர் விவசாயியாக இருக்க வேண்டும். விவசாயமே அவருக்கு முக்கியத் தொழிலாக இருக்க வேண்டும். விருந்தாளி வருமானம் அதற்குத் துணைதான்.

எவ்வளவு எளிய விதி! தோட்டம் இருந்தால்தான் தோட்ட வீடு. தோட்டத்தை அழித்துவிட்டு அந்தப் பெயரில் வீடு விட முடியாது.

நம் நாட்டிலும் மலைப் பகுதியில் கட்டிடம் கட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1990-ல் மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அது எதைக் கட்டலாம், எங்கே கட்டலாம் என்று பார்ப்பதற்கு. ‘தோட்ட வீடு’ என்று பலகை மாட்டுவதற்கும் இத்தாலியைப் போல ஒரு விதி வேண்டும் என்பது நம் கோரிக்கை. பயிர் செய்கிற விவசாயிக்கு அனுமதியைச் சுலபமாகக் கொடுங்கள். அலைய விடாதீர்கள். அறைகளுக்கு ஒரு வரம்பு வையுங்கள். ஊற்றில் எவ்வளவு தண்ணீர் உண்டோ, அவ்வளவு விருந்தாளி போதும்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு சொல்

தோட்டக்காரர்களே! விருந்தாளியிடம் கூச்சப்படாதீர்கள். “தண்ணீர் இவ்வளவுதான்” என்று முதல் நாளே சொல்லுங்கள். வந்தவர் கோபிக்க மாட்டார். எங்களிடம் சொல்லியிருந்தால் நாங்கள் ஒரு வாளியில் குளித்திருப்போம். தொட்டியை இரண்டாகத் தடுத்து வையுங்கள். ஒன்று வீட்டுக்கு. ஒன்று தோட்டத்துக்கு.

கக்கூஸ் தொட்டி ஓடைக்குப் பக்கத்தில் வேண்டாம். நீங்கள் விடும் அழுக்கைக் கீழே ஓர் ஊர் குடிக்கிறது.

போகிறவர்கள் கவனிக்க

இனி, போகிற குடும்பங்களுக்குச் சில யோசனைகள்.

வீட்டை அமர்த்துவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். தோட்டத்தில் என்ன விளைகிறது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வீடு ஓடைக் கரையிலோ, வெட்டிய சரிவுக்குக் கீழேயோ இருக்கிறதா? முதல் இரண்டு கேள்விக்கும் நேரான பதில் வராத இடம் உண்மையான தோட்ட வீடு அல்ல. மூன்றாவது கேள்விக்கு “ஆம்” என்று பதில் வந்தால், மழைக் காலத்தில் அங்கே போகாதீர்கள்.

பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்று தெரிந்துகொள்ளுங்கள். தனி வீட்டில் இரவில் வண்டி கிடைக்காது. செல்போனும் எல்லா இடத்திலும் பேசாது. எங்கள் வீட்டில் ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் பேசியது! வயதானவர்களின் மாத்திரை, குழந்தையின் காய்ச்சல் மருந்து, டார்ச் விளக்கு ஆகியவை பையில் இருக்க வேண்டும்.

இருட்டிய பிறகு வெளியே நடக்க வேண்டாம். பழனி மலையில் காட்டெருமை உண்டு. சில இடங்களில் யானையும் வரும். பகலில் காட்டெருமை எதிர்ப்பட்டால், கிட்டே போய்ப் படம் எடுக்காதீர்கள். சத்தம் போடாமல் பின்வாங்குங்கள்.

மழைக் காலத்தில் அட்டை கடிக்கும். பயம் வேண்டாம். பிய்த்து இழுக்காமல், நகத்தால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிவிடுங்கள். கடித்த இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

காய்ந்த புல் இருக்கும் இடத்தில் நெருப்பு மூட்டாதீர்கள். ஒரு பொறி போதும். மலையே எரியும்.

பிளாஸ்டிக் பையும் கோப்பையும் கொண்டுபோகாதீர்கள். ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கொண்டுபோன குப்பையைக் கீழேயே திரும்பக் கொண்டுவாருங்கள். மலையில் குப்பை லாரி வராது. காட்டெருமையும் மானும்தான் வந்து தின்னும்.

காய்கறி, பழம், காப்பித் தூள், மிளகு இவற்றை அங்கேயே வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் காசு அந்த ஊரில் தங்கும்.

இன்னும் ஒன்று. ரேடியோ, பாட்டுப் பெட்டி எதையும் அலற விடாதீர்கள். இரைச்சலிலிருந்து தப்பித்துத்தானே மலைக்குப் போகிறோம்? இரைச்சலை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போவானேன்?

விருந்தும் மருந்தும்

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பார்கள். மூன்று நாள் முடிந்தது. புறப்பட்டோம்.

கடைசி நாள் நாங்கள் எல்லோரும் ஒரு வாளியில்தான் குளித்தோம். காலையில் நானும் என் மனைவியும் களத்துக்குப் போனோம். காயப் போட்டிருந்த பழத்தைக் கிளறிவிட்டோம். எங்களால் முடிந்தது அவ்வளவுதான். “பட்டணத்துக் கை, பழத்தை நசுக்கிடாதீங்க!” என்று பழம் பறிக்கும் பெண்கள் சிரித்தார்கள். என் தாயாரும் தோட்டக்காரர் மனைவியும், அதற்குள் அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டார்கள்.

பெரியவர் ஒரு பொட்டலம் காப்பித் தூள் கொடுத்தார். “பாப்பா, அடுத்த தரம் சித்திரைக்கு முன்னாடி வா. மழை ஒண்ணு பெய்ஞ்சா, தோட்டம் முழுக்க வெள்ளையா பூத்திருக்கும். மல்லிகை மாதிரி மணக்கும்” என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போய் வந்தோம். ஒரு தடவை பூவையும் பார்த்தோம்.

சென்ற மாதம் போனில் பேசினேன். பாறை மேல் ஏறி நின்றுதான் பேசினார் போலிருக்கிறது. காற்றுச் சத்தம் கேட்டது. தொட்டியை இரண்டாகத் தடுத்துவிட்டாராம். நிலத்தை விற்கவில்லையாம்.

“இந்த வருஷம் தள்ளியாச்சு தம்பி. அடுத்த வருஷத்தை அப்புறம் பார்ப்போம்” என்றார்.

அடுத்த வருடம் அவர் விற்பாரா, மாட்டாரா? காப்பி விலையைப் பொறுத்தது. மழையைப் பொறுத்தது. நம்மையும் பொறுத்தது!

மலைக்குப் போங்கள். குடும்பத்தோடு போங்கள். தனி வீட்டில் தங்குங்கள். நட்சத்திரத்தைக் குழந்தைக்குக் காட்டுங்கள். ஆனால், எசமானனாகப் போகாதீர்கள். விருந்தாளியாகப் போங்கள்.

விருந்தாளிக்கு அடையாளம் என்ன? வீட்டுக்காரர் குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் குடிப்பான்!